பூட்டிய மின்னஞ்சலின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் ஓர் அறிவிப்புப் பார்த்தேன். தோட்டங்களில் நடக்கும் முறைகேடுகள் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் பயப்படாமல் எழுதுங்கள், பிஜிபி முறையில் (செய்தியைச் சங்கேதமாக்கும் ஒரு மென்பொருள் முறை) பூட்டி மின்னஞ்சலில் அனுப்பினால் எங்களைத் தவிர வேறு யாராலும் வாசிக்க முடியாது என்று சொல்லி, கீழே, அப்படிப் பூட்டுவதற்குத் தேவையான உங்கள் பொதுச் சாவியின் 40 எழுத்து அடையாளக் குறியையும் அச்சிட்டிருந்தீர்கள். மலையகத்து ஆட்கள் வாசிக்கிற ஒரு தமிழ்ப் பத்திரிகை இதைச் செய்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அறிவிப்பில் ஒரு விஷயம் விடுபட்டுப்போயிருக்கிறது. அதே விஷயம் முன்பு ஒரு முறை விடுபட்டதால் ஒரு பையனுக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போட இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களாவது தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

பூட்டிய மின்னஞ்சலை வேறு ஆட்களால் வாசிக்க முடியாது என்பது சரி. ஆனால் அதை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கவும் முடியாது என்றுதான் உங்கள் அறிவிப்பைப் பார்க்கிற முக்கால்வாசிப் பேர் விளங்கிக்கொள்வார்கள். அது வேறு விஷயம். கடிதத்தை உறைக்குள் வைத்து அரக்கு முத்திரை குத்தி அனுப்பினாலும் உறையின் மேலே எழுதியிருப்பதைத் தபால்காரரும் வாசிக்கலாம், தோட்ட ஆபீசில் தபால் பையைப் பிரிக்கிறவரும் வாசிக்கலாம். லயங்களுக்குத் தனி முகவரி இல்லாமல் எல்லாக் கடிதமும் ஆபீசுக்கு வந்து அங்கிருந்து கைமாறி வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. எந்த ஊர் முத்திரை, யாருடைய கையெழுத்து, வெளிநாட்டு உறையா உள்நாட்டு உறையா என்று பார்த்தே யார் வீட்டுக்கு என்ன சேதி என்று சொல்லிவிடுகிற ஆட்கள் ஒவ்வொரு ஆபீசிலும் இருந்தார்கள்.

நான் ஹட்டன் பக்கத்தில் கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். 2014இல் ஒரு தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்த தம்பி ஒருவன் பழைய லேப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தான். விண்டோஸ் போட்டால் மூச்சுத் திணறும், அப்படிப்பட்ட மெஷின். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன், நன்றாக ஓடியது. அந்தத் தோட்டத்தில் தொழிலாளர்களின் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கென்று பிடிக்கிற 8 வீதமும், கம்பனி சேர்த்துக் கட்ட வேண்டிய 12 வீதமும் மாதக்கணக்காகப் போய்ச் சேரவில்லை என்பதை அவன் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறான். கொழும்பில் இதைக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவருக்கு எழுத வேண்டும், பாதுகாப்பாக எப்படி அனுப்புவது என்று என்னிடம் கேட்டான். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளும் அதற்குள் பிஜிபி பூட்டைச் சேர்க்கிற எனிக்மெயில் என்ற துணைக்கருவியும் போட்டு, சாவி உருவாக்கி, பேரில்லாத புது முகவரி ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். கடிதம் போனது. பெறுபவர் நல்ல மனிதர், விஷயத்தைப் புரிந்துகொண்டு கம்பனிக்கு எழுதி விளக்கம் கேட்டார். எந்தத் திகதியில் தனக்குத் தகவல் வந்தது என்பதற்கு ஆதாரமாக, பூட்டிய நிலையிலேயே இருந்த அசல் மின்னஞ்சலையும் பிரதி எடுத்து இணைத்துவிட்டார். யாராலும் திறக்க முடியாததுதானே, இணைத்தால் என்ன என்றுதான் அவரும் நினைத்தார். நானாக இருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்தப் பிரதியில் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் பக்கம் பக்கமாக இருந்தது, அதை எவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் குவியலுக்கு மேலே வெறும் ஆங்கிலத்தில் மூன்று வரி. பிஜிபி செய்தி தொடங்குகிறது என்பது முதல் வரி. 'வேர்ஷன்' என்று தொடங்கிய இரண்டாவது வரியில் பூட்டும் வேலையைச் செய்த குனுபிஜி என்ற மென்பொருளின் பெயரும் 1.4.11 என்ற பதிப்பெண்ணும் அதற்குப் பக்கத்தில் குனு லினக்ஸ் என்றும் இருந்தது. 'கொமென்ட்' என்று தொடங்கிய மூன்றாவது வரி, இது தண்டர்பேர்டோடு குனுபிஜி சேர்த்துச் செய்தது என்று சொல்லி எனிக்மெயிலின் இணைய முகவரியையும் கொடுத்திருந்தது. தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த கணினிக்காரர் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஆபீசில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார், இங்கே லினக்ஸ் வைத்திருப்பது யார் என்று. அந்தத் தோட்டம் முழுவதிலும் ஒரே ஒரு ஆள்தான். அவனுடைய லேப்டொப் திரை மற்றவர்களுடையதைப் போல இல்லை என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், கேலிகூடச் செய்திருக்கிறார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை, பொலிசுக்கும் போகவில்லை. வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அவனுடைய அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், குடியிருந்த காம்பராவும் தோட்டத்துடையது. அந்த வீட்டில் பிறகு எத்தனை நாள் யாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான், பூட்டப் பழக்கியது நான், அந்த மூன்று வரியையும் கவனிக்காமல் விட்டதும் நான்.

அந்த வரிகள் எதற்கு அங்கே இருந்தன? யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று யாரும் வைக்கவில்லை. 1991இல் பில் ஸிம்மர்மன் பிஜிபியை வெளியிட்ட காலத்தில் ஒருவருடைய மென்பொருள் பூட்டியதை இன்னொருவருடைய மென்பொருள் திறக்க மறுத்தால் எங்கே பிழை என்று தேடுவதற்குப் பதிப்பெண் தெரிந்திருப்பது வசதியாக இருந்தது. விளம்பரமும் கொஞ்சம் கலந்திருந்தது, இப்படி ஒரு கருவி இருக்கிறது, நீயும் போட்டுக்கொள் என்று சொல்வதற்கு. 1990களில் அது பெரிய தவறாகத் தெரிந்திருக்காது. பிறகு அதுவே பழக்கமாகி, குனுபிஜியில் இருந்து உலாவியில் ஓடுகிற மெயில்வெலோப் வரை ஒவ்வொன்றும் தன் பெயரைச் செய்தியின் நெற்றியில் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. விண்டோஸில் செய்தால் ஒரு சொல், மேக்கில் செய்தால் டார்வின் என்று இன்னொரு சொல், லினக்ஸில் செய்தால் வேறொன்று.

எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துக் கதை ஒன்று இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்து ஆட்களைக் கூட்டிவரும்போது ஒவ்வொருவருக்கும் தோட்டத்தின் பதிவு எண் குத்திய ஒரு தகர வில்லை கொடுத்தார்கள், அதைக் கழுத்திலோ உடம்பிலோ கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். வழியில் யாரும் அந்த மனிதரிடம் நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டியதே இல்லை, வில்லையைப் பார்த்தே ரயிலில் ஏற்றி அந்தத் தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம். அவர் வாய் திறக்காவிட்டாலும் வில்லை பேசியது. பிறகு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் கணக்கு எழுதிய துண்டு வேண்டும், 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை அந்தத் துண்டு முறையும் இருந்தது. அந்தத் தம்பியின் மின்னஞ்சலும் அப்படித்தான் வாயை இறுக மூடிக்கொண்டு கழுத்தில் வில்லையோடு போயிருக்கிறது.

கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு நான் சொல்வது மிகைப்படுத்தலாகத் தெரியலாம். லினக்ஸும் தண்டர்பேர்டும் வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம், அந்த ஒரு வரியால் யாரையும் பிடித்துவிட முடியாது. ஆனால் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்டத்துக்குள் அது ஆளின் பெயரேதான். எத்தனை பேருக்குள் ஒருவராக நீங்கள் ஒளிந்திருக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பரீட்சை நேரத்தில் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அனுப்பிய மாணவன், இணையத்தில் எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்புக்குள் ஒளிந்துகொண்டு, தற்காலிக முகவரி கொடுக்கும் சேவை ஒன்றின் வழியாக அனுப்பினான். டோர் உடைக்கப்படவில்லை. வந்த மின்னஞ்சலில் டோர் பயன்படுத்திய தடம் இருந்தது, அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தின் சொந்த வலையமைப்பில் இருந்து டோருக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தார்கள், அகப்பட்டுக்கொண்டான். அவன் செய்தது குற்றம், பிடிபட்டது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே வழியில்தான் குற்றம் செய்யாத ஒருவரும் பிடிபடுவார். கருவி எது என்று தெரிந்தால் போதும், அதை வைத்திருப்பவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற இடத்தில் மீதியைத் தேடுகிறவர் பார்த்துக்கொள்வார்.

சரி, 2014இல் இருந்து நிலைமை மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. குனுபிஜியின் இப்போதைய பதிப்புகளில் அந்த வேர்ஷன் வரி தானாக வருவதில்லை, நாமாகக் கேட்டால்தான் வரும். பழையதிலும் அதை நிறுத்த ஒரு கட்டளை இருந்தது, கொமென்ட் வரியை நிறுத்த இன்னொன்று, எனக்கும் அந்தத் தம்பிக்கும்தான் அது தெரிந்திருக்கவில்லை. பிஜிபி வகை மென்பொருட்கள் பின்பற்றும் பொது விதியான ஓபன்பிஜிபிக்கு 2024இல் வந்த புதிய தரநிலை, 9580 என்ற எண்ணுடையது, பயனாளரே சம்மதித்துப் பிழை தேடும் நோக்கத்துக்குக் கேட்டால் ஒழிய இந்த வேர்ஷன் வரியைப் போட வேண்டாம் என்றே மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சொல்கிறது. எனிக்மெயிலின் இடத்தில் 2020இல் வந்த தண்டர்பேர்ட் 78இல் இருந்து பூட்டும் வசதி உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆகவே அந்த மூன்று வரியில் இரண்டு பெரும்பாலும் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் கடைக்கு வருகிற லேப்டொப்புகளில் பாதி, யாரோ எப்போதோ போட்டுக் கொடுத்ததை அப்படியே வைத்திருப்பவை, பதிப்பு என்ன என்று வைத்திருப்பவருக்கே தெரியாது. அப்புறம் இன்னொன்று, பழைய பதிப்பெண்ணை வெளியே காட்டுவது அந்தப் பதிப்பில் எந்த ஓட்டை அடைக்கப்படாமல் இருக்கிறது என்று தேடுகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி. 2018இல் 'ஈஃபெயில்' என்ற பலவீனம் வெளியானபோது எந்த அஞ்சல் மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்துக் கூடக்குறைய இருந்தது.

செய்திக் குவியலின் மேலே இருந்த வரிகள் போனாலும் மின்னஞ்சலின் ஹெடர், அதாவது அனுப்பியவர், பெறுபவர், திகதி போன்றவை எழுதியிருக்கும் மேற்பகுதி, அப்படியே இருக்கிறது. இதைத்தான் உங்கள் அறிவிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்கிறேன். பிஜிபி பூட்டுவது கடிதத்தின் உடலை மட்டும்தான், ஹெடர் பூட்டுக்கு வெளியே நிற்கிறது. 'யூசர் ஏஜென்ட்' அல்லது 'எக்ஸ் மெய்லர்' என்ற வரியில் எந்த மென்பொருள் என்று இருக்கும், முன்பெல்லாம் இயங்குதளமும் பதிப்பெண்ணும்கூட இருக்கும். தண்டர்பேர்டின் புதிய பதிப்புகளில் அதை வெறும் 'மொசில்லா தண்டர்பேர்ட்' என்று சுருக்கிவிட்டார்கள், மிக நல்ல வேலை. திகதி வரியில் நேர வலயம் இருக்கும், +0530 என்று. அது இலங்கையா இந்தியாவா என்று மட்டும் பிரித்துச் சொல்லாது (2006 ஏப்ரலில் நம் கடிகாரத்தை மறுபடி அரை மணி பின்னுக்கு வைத்ததில் இருந்து இரண்டும் ஒன்றுதான்), ஆனால் வெளிநாட்டில் இருந்து எழுதுவது போல எழுதிய ஒருவர் உள்ளூரில்தான் இருக்கிறார் என்று காட்டிவிடும். தலைப்பு வரி பல மென்பொருட்களில் பூட்டப்படாமலேயே போகும். 'சேமலாப நிதி மோசடி' என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே பூட்டி என்ன பயன்? தண்டர்பேர்ட் இப்போது தலைப்பையும் உள்ளே வைத்துப் பூட்டி வெளியே மூன்று புள்ளி மட்டும் போடுகிறது, ஆனால் அந்த மூன்று புள்ளியைப் பார்த்தே அது எந்த வகை மென்பொருள் என்று ஊகிக்கலாம். செய்தியின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் கோடு ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி, அப்பிள் மெயில் அதில் தன் பெயரையே எழுதுகிறது. குனுபிஜி ஒரு வரிக்கு 64 எழுத்து என்று மடிக்கிறது, வேறு மென்பொருட்களின் கணக்கு வேறு. இவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு என்பது தெரியும், ஆனால் யூசர் ஏஜென்ட் வரியைப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கணினியின் பெயர். விண்டோஸோ உபுண்டுவோ போடும்போது கணினிக்கு ஒரு பெயர் கேட்கும். நம் ஆட்கள் என்ன கொடுப்பார்கள்? தங்கள் பெயர், பிள்ளையின் பெயர், அல்லது தோட்டத்தின் பெயர். சில மென்பொருட்கள் அஞ்சல் வழங்கியோடு (கடிதத்தை வாங்கி அனுப்பும் சேர்வர்) பேசத் தொடங்கும்போது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள அந்தப் பெயரைச் சொல்லும், வழங்கி அதை அப்படியே 'ரிசீவ்ட்' என்ற வரியில் எழுதி வைத்துவிடும், வேறு சில அதைக் கடிதத்துக்குக் கொடுக்கும் தனி அடையாள எண்ணின் வாலில் ஒட்டும். பேரில்லாத முகவரி எடுத்து, பிஜிபி போட்டுப் பூட்டி, ஹெடரில் மகளின் பெயரை அனுப்பிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அது சோதனைக்கு அனுப்பியது.

பெறுபவரின் சாவியும் இதில் பேசும். பூட்டிய செய்திக்குள் எந்தச் சாவியால் திறக்க வேண்டும் என்ற எண் வெளிப்படையாகவே இருக்கும், அதாவது அது உங்கள் பத்திரிகைக்குப் போகும் கடிதம் என்று முகவரியைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். குனுபிஜியில் அந்த எண்ணை மறைத்து அனுப்பும் வழி இருக்கிறது, திறக்கும்போது உங்கள் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் வேலை வரும். அனுப்புபவரின் பொதுச் சாவியையே ஹெடரில் 'ஓட்டோகிரிப்ட்' என்று சேர்த்து அனுப்புகிற மென்பொருட்களும் உண்டு. சாவி செய்யும்போது அதில் தன் உண்மைப் பெயரைக் கொடுத்திருந்தால் கதை அதோடு முடிந்தது.

என்ன செய்யலாம் என்று சொல்லாமல் பயமுறுத்திவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கணினியில் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்கள் முதலில் புதிய பதிப்புக்கு மாறட்டும். செட்டிங்ஸின் பொதுப் பக்கத்தில் அடியில் கான்ஃபிக் எடிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் யூசர் ஏஜென்ட் என்று தேடினால் அந்த வரியை அனுப்புவதா வேண்டாமா என்ற தெரிவு வரும், திகதியைத் துல்லியம் குறைத்துப் பொது நேரத்தில் அனுப்பும் தெரிவும் அங்கேயே சானிட்டைஸ் என்று தேடினால் வரும். போனில் கே-9 மெயில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், தனியுரிமைப் பகுதியில் அஞ்சல் மென்பொருளின் பெயரை மறை, நேர வலயத்தை மறை என்று இரண்டு பெட்டிகள், இரண்டிலும் சரி போட்டால் முடிந்தது. கணினிக்குப் புதிதாகப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயரோ தோட்டத்தின் பெயரோ வேண்டாம். பூட்டுவதற்குப் பழைய கருவி வைத்திருப்பவர்கள் அனுப்புவதற்கு முன் குவியலின் மேலே பார்த்து, வேர்ஷன் வரியும் கொமென்ட் வரியும் இருந்தால் கையாலேயே அழித்துவிடலாம், அவை பூட்டின் பகுதி இல்லை, அழித்தாலும் செய்தி திறக்கும். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் தொடக்கூடாது, மேலே விட்டிருக்கும் வெற்று வரியும் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக்கூடாது. எல்லோருடைய மின்னஞ்சலிலும் இருக்கும் ஒரு வரி உங்களுடையதில் மட்டும் இல்லையென்றால் அதுவும் ஓர் அடையாளம்தான். எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவதுதான் வேண்டும். மடுவத்தில் நிறுக்கும்வரை கொழுந்து இன்னாருடையது என்று தெரியும், லொறியில் ஏற்றி ஃபெக்டரியில் வாட்டும் தட்டில் கொட்டிய பிறகு எந்த இலை யார் பறித்தது என்று துரையாலும் சொல்ல முடியாது. தண்டர்பேர்ட் எல்லோருக்கும் ஒரே சுருக்கமான பெயரை அனுப்புவதை நான் பாராட்டுவது அதனால்தான், அந்த வரியை முற்றாக நிறுத்துவதைவிடப் பல இடங்களில் அதுவே நல்லது. தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் போகத் தடை இருந்த காலத்தில் புடவை வியாபாரி மாதிரி உள்ளே போய்த் தொழிலாளர்களைச் சந்தித்தார் என்று படித்திருப்பீர்கள். மூட்டையோடு தோட்டத்துக்கு வந்து போகிற புடவைக்காரர்கள் பலர், அவர்களில் ஒருவரைப் போலத் தெரிந்ததால்தான் போக முடிந்தது. பத்திரிகைக்காரரான நீங்கள் அதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இணைப்புகள் பற்றி ஒரு வார்த்தை. வேர்ட் கோப்பில் எழுதியவர் பெயரும் கம்பனிப் பெயரும் உள்ளே தங்கியிருக்கும், போனில் எடுத்த படத்தில் எடுத்த இடமே இருக்கலாம். இது பலருக்கும் தெரியும். யாரும் பேசாதது நம் எழுத்துரு. மலையகத்தில் இன்னும் பல ஆபீஸ்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள், பாடசாலைகளில் படித்து வந்த இளையவர்கள் யூனிகோட்டில் எழுதுகிறார்கள். தோட்ட ஆபீசில் இருந்து வந்த ஆவணம் பாமினியிலா, யூனிகோட் எழுத்துருவான லதாவிலா என்று பார்த்தே அதைத் தட்டியது வயதான பெரிய கிளாக்கரா, புதிதாக வந்த பையனா என்று அந்த ஆபீஸ்காரர்கள் சொல்லிவிடுவார்கள். உள்ளே இருப்பது பூட்டியிருக்கும்வரை இது பிரச்சினை இல்லை, ஆனால் நீங்கள் அதைத் திறந்து அப்படியே படம் பிடித்துப் பக்கத்தில் போட்டால் பிரச்சினை. தயவுசெய்து வருகிற ஆவணங்களை உங்கள் அலுவலகத்தில் மறுபடி தட்டச்சுச் செய்தே போடுங்கள்.

சிலர் கேட்பார்கள், இவ்வளவு சிக்கல் எதற்கு, வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆயிற்றே என்று. வட்ஸ்அப்புக்குப் போன் நம்பர் வேண்டும், சிம் அடையாள அட்டை கொடுத்து எடுத்தது. பத்துப் பக்கக் கணக்குப் புத்தகத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்ப நினைப்பவர் இன்றைக்கும் மின்னஞ்சலைத்தான் தேடுவார், உங்கள் அறிவிப்பும் அதைத்தானே சொன்னது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு இணையத்தில் எதை எழுதினாலும் யோசித்துத்தான் எழுத வேண்டும் என்ற பயம் நம் ஆட்களிடம் கூடியிருக்கிறது, அந்தப் பயத்தோடும் ஒருவர் எழுத முன்வந்தால் அவரைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் அவர் தலையிலேயே போட முடியாது. வேலை போனால் வீடும் போகும் என்ற இடத்தில் இருந்து எழுதுகிறவர்கள் இவர்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். அறிவிப்பில் நாலு வரி சேர்த்து, பூட்டு எதை மறைக்கும், எதை மறைக்காது என்று தமிழில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தலைப்பு வரியில் 'வணக்கம்' என்பதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆபீஸ் கணினியில் இருந்தோ ஆபீஸ் இணைப்பில் இருந்தோ அனுப்பவே வேண்டாம் என்று சொல்லுங்கள், ஹெடரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் எங்கிருந்து போனது என்பது அஞ்சல் நிறுவனத்துக்குத் தெரிந்தேதான் இருக்கும். எல்லாவற்றையும்விட, வந்த அசல் மின்னஞ்சலை யாருக்கும் முன்னனுப்ப மாட்டோம், பூட்டிய நிலையிலும் இணைக்க மாட்டோம், கம்பனியிடமோ திணைக்களத்திடமோ விளக்கம் கேட்கும்போது எங்கள் சொந்த வார்த்தையில் எழுதித்தான் கேட்போம் என்று எழுத்தில் ஓர் உறுதி கொடுங்கள். அந்தத் தம்பியை மாட்டிவிட்டது அவனுடைய பிழை மட்டும் கிடையாது, பெறுபவரின் நல்லெண்ணமும் சேர்ந்துதான்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பை மறுபடி போடுவதற்கு முன் உங்கள் அலுவலகத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களில் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் இருந்து ஒரு பூட்டிய மின்னஞ்சலை ஆசிரியர் பீடத்துக்கு அனுப்பட்டும், யார் என்று சொல்லாமல். தண்டர்பேர்டில் அதைத் திறந்து கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால், ஜிமெயில் என்றால் மூன்று புள்ளிக்குள் இருக்கும் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால், முழு ஹெடரும் வரும். அதை அச்சடித்து மேசையில் வைத்து, அனுப்பியது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதை எனக்கும் தெரியப்படுத்தினால் நன்றி உள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஹட்டனில் இருந்து ஒரு வாசகர்
(பெயரைப் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன், அந்தத் தம்பியை அறிந்தவர்கள் என்னையும் அறிவார்கள்)